எழுந்து போனவனுக்கு எச்சரிக்கை, ஏசியவருக்கு வெற்றி

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காத்ர் போர்ன், மொரீஷியஸ்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு
நாள்: 24.02.2025

பொருள்: 11.02.2025 அன்று நடந்த ஆட்டத்துக்காக என் பேரனுக்கு அனுப்பிய எச்சரிக்கையைத் திரும்பப் பெறுதல்

ஐயா,

பத்து வயதுப் பேரனுக்காக உங்கள் செஸ் செயலிக்கு ஓராண்டாக மாதக் கட்டணம் கட்டி வருகிறேன். தோற்றால் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இது தோற்ற கதை இல்லை.

அன்று தைப்பூசம், இங்கே அரசு விடுமுறை. கோர் தெ கார்த் மலைக்கோவிலில் காவடி பார்த்துவிட்டு வந்து, மாலையில் பத்து நிமிட ஆட்டம் ஒன்றில் உட்கார்ந்தான். எதிராளியின் பெயரைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே குஷி: "தாத்தா, தமிழர்!" வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை. சாட்டில் 'வணக்கம் அண்ணா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். பதில் இல்லை.

முப்பதாவது நகர்த்தலில் எதிராளியின் ராணி போனது. உடனே டிரா கேட்டார். பையன் மறுத்தான். மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார். அப்புறம் சாட்டில் ஒரு சொல். பையனுக்குப் பொருள் தெரியவில்லை. பாடப்புத்தகத்தின் பின்பக்க அகராதியில் தேடியிருக்கிறான். கிடைக்காமல் என்னிடம் கொண்டுவந்தான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொற்பொருள் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று வாயடைத்துப் போனேன்.

பலகையில் இன்னும் இரண்டே நகர்த்தலில் செக்மேட். எதிராளி கையைக் கட்டிக்கொண்டார். கடிகாரத்தில் அவருக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் மிச்சம். பாதி வரை காத்திருந்துவிட்டுப் பையன் சாப்பிடப் போனான். போனதும் ஒரு சிப்பாயை நகர்த்தினார். இவன் இல்லை, இவனுடைய நேரம் ஓடித் தீர்ந்தது, வெற்றி அவருக்கு! மறுநாள் உங்கள் கடிதம்: ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது விளையாட்டுப் பண்பு ஆகாதாம்.

நான் கொடுத்த புகாருக்கும் பதில் வந்தது, இரண்டே நிமிடத்தில். தகாத சொல் எதுவும் இல்லையாம். ஆங்கில வசவைப் பிடிக்கும் உங்கள் கருவிக்கு, ஆங்கில எழுத்தில் வந்த தமிழ் வசவு புரியவில்லை. எங்கள் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறது, ஐயா.

எதிராளியை எவ்வகையிலும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 11.5. நியாயமற்ற முறையில் டிரா கேட்பதையும் அதே விதி பெயர் சொல்லித் தடுக்கிறது. நேரில் ஆடினால் நடுவரைக் கூப்பிடலாம். உங்களிடம் அந்த நாற்காலியில் யாரும் இல்லை. தோற்கப் போகிறவர் நேரத்தை முழுக்க உட்கார்ந்தே கழிக்க உரிமை உண்டு என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்த உரிமையை ஒரு குழந்தையின் பொறுமையைச் சோதிக்கும் பொறியாக்கியவரை விட்டுவிட்டு, பொறியில் விழுந்தவனை ஏன் எச்சரித்தீர்கள்?

ரேட்டிங் புள்ளிகள் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்வான். எச்சரிக்கையை நீக்குங்கள். சிறுவர் கணக்குகளில் சாட் முதலிலேயே அணைந்திருக்கட்டும். வேண்டுமென்றால் பெரியவர்கள் திறந்துகொள்வோம். அந்த உரையாடலைத் தமிழ் தெரிந்த மனிதர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். மார்ச் 10ஆம் தேதி அடுத்த கட்டணம். அதற்குள் பதில் வராவிட்டால் கணக்கை மூடிவிடுவேன்.

அந்த உரையாடலின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்திருக்கிறேன். நான் சொல்லும் சொல் மூன்றாவது வரியில் இருக்கிறது. மொழிபெயர்த்துத் தரும்படி மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பையனின் தாத்தா