சன் சூவை வகுப்பில் சொல்லித்தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைப் பயிற்சி நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். விற்பனைப் பிரிவுக்குப் பயிற்சி என்றாலே 'போர்க்கலை' என்ற பண்டைய சீன நூலின் ஆசிரியர் சன் சூ வந்துவிடுகிறார். 'எதிரியை அறி, உன்னை அறி' என்று திரையில் ஒரு வரி. உடனே சந்தை போர்க்களமாகிறது. பக்கத்து மேசையில் இருப்பவர்கூட எதிரியாகிவிடுகிறார். அந்த நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நீங்கள் காட்டும் அந்த வரி மூன்றாம் அதிகாரத்தின் முடிவில் வருகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தையும் தயவுசெய்து படித்துக்காட்டுங்கள். நூறு போரில் நூறு வெற்றி பெறுவது உச்சத் திறமை அல்ல, போரிடாமலே எதிரியைப் பணியவைப்பதுதான் திறமை என்கிறார். கோட்டை முற்றுகை கடைசி வழி. அதற்கான கருவிகள் செய்ய 3 மாதம், மதிலையொட்டி மண்மேடு எழுப்ப இன்னும் 3 மாதம். அதுவரை பொறுக்காத தளபதி, வீரர்களை எறும்புபோல் மதிலேறச் சொல்வான். மூன்றில் ஒரு பங்கு பேர் சாவார்கள், கோட்டையும் விழாது.

இரண்டாம் அதிகாரம் முழுக்கச் செலவுக் கணக்கு. 1,00,000 பேர் கொண்ட படைக்கு நாளொன்றுக்கு ஆயிரம் பொன். தேருக்குப் பூசும் அரக்கும், தூதர்களுக்கு வைக்கும் விருந்தும்கூட அதில் உண்டு. படை தங்கும் இடத்தில் விலைவாசி ஏறும், மக்கள் சொத்தில் பத்தில் ஏழு பங்கு கரையும் என்கிறார். நீண்ட போரால் பயனடைந்த நாடே இல்லை என்பது அவர் தீர்ப்பு. இந்தப் பக்கங்களை விட்டுவிட்டுத் தந்திரங்களை மட்டும் கற்பிப்பது அந்த நூலுக்குச் செய்யும் அநீதி.

தந்திரங்களை மட்டும் கற்றவனின் கதையும் சீனத்திலேயே இருக்கிறது. கி.மு. 260, சாங்பிங் போர்க்களம். சின் நாட்டுப் படைக்கு எதிரே ஜாவ் நாட்டின் முதிய தளபதி லியான் போ அரண் அமைத்து, சண்டைக்கு இறங்காமல் காத்திருந்தார். 'சின் அஞ்சுவது இளைஞன் ஜாவ் குவோவுக்கு மட்டுமே' என்று எதிரிகள் வதந்தி பரப்பினார்கள். பொறுமையிழந்த ஜாவ் அரசன் அவனையே தளபதியாக்கினான்.

சிறுவயதிலிருந்தே போர் நூல்களைக் கரைத்துக் குடித்தவன் ஜாவ் குவோ. பெரும் தளபதியான அவன் தந்தையாலேயே அவனை வாதத்தில் வெல்ல முடியாது. ஆனாலும் அவர் மகனைப் பாராட்டியதில்லை. உயிர் போகும் காரியத்தை இவன் சுலபமாகப் பேசுகிறான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். மகனை அனுப்ப வேண்டாம் என்று அந்தத் தாயே அரசனுக்கு எழுதினாள். தந்தை அரசன் தந்த பரிசுகளைத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்தளித்தவர். மகனோ பொன்னையும் பட்டையும் வீட்டில் பூட்டிவிட்டு, மலிவாக நிலமும் வீடும் எங்கே கிடைக்கும் என்று பார்க்கிறான் என்றாள். அரசன் கேட்கவில்லை.

பின்வாங்குவதுபோல் நடித்த சின் படையை ஜாவ் குவோ துரத்தினான். உணவு வரும் வழியை எதிரி அறுத்தான். 46 நாள் பட்டினி. ஜாவ் குவோவும் அம்பு பட்டு இறந்தான். சரணடைந்த லட்சக்கணக்கானோரை சின் தளபதி பாய் சி கொன்றதாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையை இன்றைய ஆய்வாளர்கள் சிலர் ஐயுறுகிறார்கள். பேரழிவு நடந்ததில் ஐயமில்லை.

உங்கள் அடுத்த வகுப்பில் அந்தத் தாயின் கடிதத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். யாரைத் தலைவராக்கக் கூடாது என்று எதை வைத்து அவள் கண்டுகொண்டாள் என்பதை மாணவர்களே பேசட்டும். பிறகு இரண்டாம் அதிகாரத்தைக் கையில் கொடுத்து, தங்கள் நிறுவனம் தொடங்க நினைக்கும் விலைப்போருக்கு ஆகும் செலவை அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சன் சூவின் வாசகன் ஒருவன்