பொய் சொன்ன கிழவனை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனாகிய தீர்க்கதரிசி, சாப்பாட்டு ஆசையால் கீழ்ப்படியாமற்போய்ச் சிங்கத்துக்கு இரையானான் என்று தாங்கள் பிரசங்கித்தீர்கள். வசனங்கள் அதற்கு இடம்கொடுக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியே திரும்பாதே என்பதே அவன் பெற்ற கட்டளை. பெத்தேலில் பொன் கன்றுக்குட்டிக்குப் பலியிட்டுத் தூபங்காட்ட நின்ற இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம், பலிபீடத்துக்கு விரோதமாகப் பேசிய அவனைப் பிடிக்கச் சொல்லி நீட்டிய கை மரத்துப்போய், அவனுடைய வேண்டுதலால் மீண்டும் சீரான பிறகு, வீட்டுக்கு வந்து இளைப்பாறும்படி ராஜாவே அழைத்தும், உமது வீட்டில் பாதியைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லி வேறு வழியாகப் புறப்பட்டவன் அவன். ராஜாவின் விருந்தையே உதறியவனா ஒரு கிழவன் வீட்டு அப்பத்துக்கு மயங்கியிருப்பான்?

கர்வாலி மரத்தின்கீழ் உட்கார்ந்திருந்தவனை, பெத்தேலில் குடியிருந்த அந்தக் கிழவன் வந்து தன் வீட்டில் அப்பம் புசிக்க அழைத்தபோதும் அவன் முதலில் மறுக்கவே செய்தான். நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான் என்ற பிறகே திரும்பினான். அது பொய் என்று வேதமே சொல்கிறது. ஏன் பொய் சொன்னான் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறது. அப்படியானால் அவனுடைய மீறுதல், தான் பெற்ற வார்த்தையை, இன்னொருவர் பெற்றதாகச் சொன்ன வார்த்தைக்காக விட்டுக்கொடுத்ததே. (இந்த இடம் பந்தியில் இருப்பவர்களைவிடப் பிரசங்க பீடத்தில் நிற்பவர்களை அதிகம் சுடும் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

தண்டனைத் தீர்ப்பும் பந்தியிலேயே, பொய் சொன்ன அதே வாயிலிருந்து வருகிறது. வழியில் எதிர்ப்பட்ட சிங்கம் அவனைக் கொன்றது. ஆனால் உடலைத் தின்னவில்லை, கழுதையையும் தொடவில்லை. பசியால் வந்த மிருகமன்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எனக்கு இன்னும் நெருடுவது 33ஆம் வசனம். இத்தனைக்குப் பிறகும் யெரொபெயாம் தன் பொல்லாத வழியை விட்டுத் திரும்பவில்லை. கண்டவர்களையெல்லாம் மேடைகள் என்னும் வழிபாட்டிடங்களின் ஆசாரியராக்கினான். ஏமாந்தவனுக்கு அன்றே தீர்ப்பு. ஜனத்தையே பாவம் செய்யவைத்த ராஜ்யத்துக்கோ, கி.மு. 722 வாக்கில் அதன் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழும்வரை ஏறத்தாழ 200 ஆண்டுகள் தவணை. வார்த்தையைச் சுமந்தவனிடம் கணக்கு முதலில் கேட்கப்படுகிறது என்று இதை நான் வாசிக்கிறேன். அந்தக் கிழவனும் தீர்க்கதரிசிதானே என்ற கேள்விக்கு அந்த வாசிப்பில் பதில் இல்லை.

கிழவனோ அவனுக்காகப் புலம்பி, தன் கல்லறையிலேயே அடக்கம்பண்ணி, தன் எலும்புகளையும் அவன் எலும்புகளின் அருகே வைக்கும்படி குமாரரிடம் சொன்னான். 2 இராஜாக்கள் 23இல், பிற்காலத்து யூதாவின் ராஜா யோசியா பெத்தேலின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைப் பலிபீடத்தின்மேல் சுட்டெரித்தபோது, அந்த ஒரு கல்லறையைத் தொடவேண்டாம் என்றான். பொய் சொன்னவனின் எலும்புகளும் அதனால் தப்பின. அடுத்த முறை இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது அவனைப் பற்றியும் பேசுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் சபையின் விசுவாசி ஒருவன்