கை நீட்டியிருந்தாய்

அன்புள்ள தம்பி,

நேற்றோடு ஒன்பது வருடம் ஆகிறது. நான் நாள் கணக்கு வைத்திருக்கிறேன் என்றால் சிரிப்பாய். நடந்தது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். சபை மூப்பர் கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். இதைப் பலர் படிப்பார்கள், சிலர் அதைத் தெரிந்துகொள்வதற்காகவே படிப்பார்கள்.

நான் எழுத வந்தது அந்தத் தட்டைப் பற்றி.

திருவிருந்து ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சரசமும் பங்கிடும் நாள். இடப்பக்க வரிசைகள் என் பொறுப்பு. தட்டில் குழிக்கு ஒன்றாக நிற்கும் அந்தச் சின்ன ரசக் கிண்ணங்கள், நடை சற்றுத் தடுமாறினாலும் கிணுகிணுக்கும். நீ வரிசையின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய். வலது கை மட்டும் நீண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோலைக் கடித்துக் கடித்துச் சிவந்திருந்தது. நான் தட்டை உயர்த்தி, உன் கைக்கு மேலாகவே அடுத்தவருக்கு நீட்டினேன். கிண்ணங்கள் கிணுகிணுத்தன. நீ நிமிரவில்லை, கையை மடக்கவும் இல்லை. இரண்டு வரிசை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது.

என்னை மன்னித்துவிடு.

இதை எழுதின கையே அடுத்து "ஆனால்" என்று எழுதப் பார்க்கிறது. அது நான் தனியாக எடுத்த முடிவல்ல. அபாத்திரமாய்ப் பானம்பண்ணுகிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அதற்கு முந்தின வசனம் வெகுநாள் கழித்தே கண்ணில் பட்டது. மனுஷன் தன்னைத்தானே சோதித்தறியட்டும் என்கிறது. தட்டு தூக்குகிறவன் சோதிக்கட்டும் என்று பவுல் எழுதவில்லை. கூட்டத்தில் நாங்கள் வாசித்தது முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், தள்ளிவைக்கச் சொல்கிற பகுதி. தண்டிக்கப்பட்டவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று அதே சபைக்கு இரண்டாம் நிருபத்தில் எழுதியிருப்பதை யாரும் திறக்கவில்லை. (இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவையா என்பதில் வேத அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.)

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. நீ முதலில் என்னிடம் வந்திருக்கலாம். உனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அடுத்தவர் வாயால் கேட்கவைத்தாய். இப்போது போன இடத்தில் சாட்சி சொல்கிறாயாம், கேட்டவர்கள் அழுகிறார்களாம். பேதுரு இயேசுவை மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகே, "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கர்த்தர் மூன்று தரம் கேட்டதும் ஒரு கரிநெருப்பின் அருகே என்று பேசினாயாம். யோவான் சுவிசேஷத்தில் அந்த இரண்டு நெருப்பையும் உனக்கு விரல் வைத்துக் காட்டியது யார்? உன் சாட்சியில் நான் "ஒரு மூப்பர்" என்று வருகிறேனாம். பெயர் சொல்லாததற்கு நன்றி சொல்லவேண்டும் போலிருக்கிறது.

சபைச் சரித்திரம் படிக்கிற கிறுக்கு எனக்கு இன்னும் போகவில்லை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டெசியஸின் கட்டளைக்குப் பயந்து விசுவாசிகள் பலர் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே, பலியிட்டதாகச் சான்றிதழை மட்டும் விலைக்கு வாங்கினார்கள். மறு வருடம் அவர்களைச் சேர்ப்பதா, எப்போது சேர்ப்பது என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடி விசாரித்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய பேராயர் சிப்ரியான், உபத்திரவ காலத்தில் தாமே ஒளிந்திருந்தவர். அதற்கு அவர் காரணம் சொன்னார். 258-ல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்து இரத்தசாட்சியாக மரித்தார், அதையும் சொல்லவேண்டும். எனக்கு வேறொன்று தெரிந்தாகவேண்டும்: ஒளிவிடத்திலிருந்து திரும்பிய பிறகு, விழுந்துபோனவர்களின் முகத்தை முதன்முதலாக எப்படிப் பார்த்தார்?

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் நானும் விழுந்தேன். எதில் என்று எழுதமாட்டேன், என் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அது உன்னுடையதைவிடச் சின்னதா பெரியதா என்று ஒன்பது வருடமாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு முழங்காலில் நின்று அறிக்கையிட்டேன். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க உண்மையும் நீதியும் உள்ளவர் என்ற வசனத்தைச் சொன்னேன், படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். அன்றிரவு நீயும் அதே வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருப்பாய். எனக்குப் போதுமாயிருந்தது உனக்குப் போதாது என்று காலையில் தட்டோடு வந்து நின்றேன்.

போன மாதம் "அண்ணா, உங்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை" என்று செய்தி அனுப்பியிருந்தாய். கேட்காமலே மன்னிக்க இவன் யார் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு தூக்கம் வராமல் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன். போதகரிடம் வயதைக் காரணம் சொன்னேன். உனக்காக என்று எண்ணிக்கொள்ளாதே.

நீ அறியாதது ஒன்று உண்டு. எண்ணி ஊற்றின தட்டில் அன்றைக்கு ஒரு கிண்ணம் மீந்து வந்தது. ஆராதனை முடிந்து உள்ளறையில் நான் மட்டும் இருந்தேன். கீழே ஊற்ற மனம் வரவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு வரை வந்தேன். நீ படியிறங்கிக்கொண்டிருந்தாய், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். உள்ளே திரும்பி வந்து அதை நானே குடித்தேன். என் பங்கை ஏற்கெனவே குடித்திருந்தேன்.

உன் அண்ணன்