பொருள்: சேமித்ததும் கசியும் மேப், லெவல் எடிட்டர் அப்டேட் குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். கணினி விளையாட்டுக்கான இடங்களை (மேப்) கட்ட உதவும் உங்கள் லெவல் எடிட்டர் மென்பொருளை ரூ.3,200 கொடுத்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன மாத அப்டேட் வரும்வரை ஒரு குறையும் சொன்னதில்லை. அதைப் போட்ட அன்றிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேப் கசிகிறது, அதாவது எங்கோ அடைபடாத இடுக்கு இருக்கிறது என்கிறது, மேப்பை விளையாடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர். மூன்று முறை எழுதிவிட்டேன், உருப்படியான பதில் இல்லை.

நான் கட்டிக்கொண்டிருப்பது எங்கள் தாத்தா வீட்டை. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளும், மேலே சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. முற்றம் என்றால் வானம் தெரியவேண்டும். ஆனால் எடிட்டருக்கு வானமும் ஒரு மூடிதான், அது எனக்குத் தெரியும். வானப் படம் (டெக்ஸ்ச்சர்) ஒட்டிய பிரஷ், அதாவது திடமான கட்டை, வைத்து அடைத்திருக்கிறேன். கதவு போன்ற அசையும் பொருள் எதையும் சுவராக நம்பி விடவில்லை. உங்கள் உதவிப் பிரிவு மூன்று தடவையும் இதைக் கேட்டது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிழைச் செய்தி இப்படி வருகிறது: ‘கசிவு: விளக்கு, 320 64 128’ (எண்கள் அந்த விளக்கு இருக்கும் இடம்). சரி, விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று அதை நீக்கினேன். அடுத்த விளக்கின் பெயர் வந்தது. அதையும் நீக்கினேன். ஆறு விளக்கும் போன பிறகு, ஆட்டக்காரர் தொடங்கும் இடத்தைக் கைகாட்டியது. அதையும் எடுத்துவிட்டால் விளையாட ஆள் ஏது?

வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் கம்பைலர் பரப்பிப் பார்க்கிறது. அது வெளியே போய்விட்டால் கசிவு. உங்கள் செய்தி தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சொல்கிறதே தவிர ஓட்டையைச் சொல்வதில்லை. 1996இல் வந்த குவேக் விளையாட்டின் கம்பைலரே கசிவு கண்டால் பாயிண்ட் ஃபைல் ஒன்றை எழுதிவைக்கும். அதை ஏற்றினால் உள்ளிருந்து ஓட்டை வழியாக வெளியே போகும் பாதை புள்ளி புள்ளியாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் டிரெஞ்ச்பிரூம் என்ற எடிட்டரிலும் அந்தப் பாதையைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கியதில் இல்லை.

வேறு வழியில்லாமல் மேப்பைப் பாதி பாதியாக வெட்டி கம்பைல் செய்து பார்த்தேன். நாலு ராத்திரி போயிற்று. கடைசியில் கூரையின் வடகிழக்கு மூலையில், இரண்டு சரிவும் கூடும் இடத்தில் வந்து நின்றது. திரையில் மயிரிழைகூட விலகவில்லை. அந்த முனையின் உயரம் எடிட்டரில் 191.47. மேப் கோப்பை நோட்பேடில் திறந்தால் 191. மூடித் திறந்தால் எடிட்டரிலும் 191தான். சேமிக்கும்போது தசமத்தை உங்கள் எடிட்டர் வெட்டிவிடுகிறது! நேரான சுவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சாய்த்து வைத்த பிரஷ் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடுக்கு விழுகிறது. அப்டேட்டுக்கு முன் சேமித்த கோப்பில் தசமம் அப்படியே இருக்கிறது.

இதை எழுதியனுப்பியதற்கு வந்த பதில்: ‘மேப் முழுவதையும் சுற்றி ஒரு பெரிய பெட்டி போடுங்கள்.’ கூரை ஒழுகினால் ஓடுகளை மாற்றுவார்களா, வீட்டைச் சுற்றி இன்னொரு வீடு கட்டுவார்களா? இருந்தும் போட்டுப் பார்த்தேன். பிழைச் செய்தி போனது உண்மைதான். ஆனால் யார் கண்ணுக்கும் படாத கூரையின் வெளிப்பக்கம் முழுக்க கணக்கில் சேர்ந்து, நாலு நிமிடத்தில் முடிந்த கம்பைல் இரண்டு மணி நேரம் இழுத்தது. விளையாடும்போதும் முற்றத்தில் திரும்பினால் திணறுகிறது.

நான் கேட்பது இதுதான். பதினைந்து நாளுக்குள் தசமத்தை வெட்டாத அப்டேட்டைக் கொடுங்கள், அதுவரை பழைய பதிப்பை இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். முடியாதென்றால் ரூ.3,200ஐத் திருப்பித் தாருங்கள். பாயிண்ட் ஃபைல் வசதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் சேமித்த இரண்டு மேப் கோப்புகளையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். கோப்புகளை எடிட்டரில் திறக்கவேண்டாம், நோட்பேடில் திறந்து பாருங்கள். எடிட்டரில் திறந்து சேமித்தால் பழைய கோப்பும் கெட்டுவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்