முதன்முறை வேட்பாளருக்கு மாலையைவிட முகவர்களே தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 டிசம்பர் 19-இல் முதலாவதாகக் கூடிய மலேசியாவின் 15ஆவது நாடாளுமன்றத்தின் தவணை ஐந்தாண்டுகள். எவ்வளவு இழுத்தாலும் 2028 பிப்ரவரிக்குள் அடுத்த பொதுத்தேர்தல் நடந்தாக வேண்டும். கோலாலம்பூரின் 11 தொகுதிகளிலோ பினாங்கின் 13 தொகுதிகளிலோ முதன்முறையாக நிற்க எண்ணும் நம் இளையோருக்கும், அவர்களுக்குத் தோள் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கடிதம். பேனர், மாலை, செராமா (பிரச்சாரக் கூட்டம்) எல்லாம் தானாக நடந்துவிடும். புதியவர்கள் கவிழ்வது வேட்புமனு நாள் காலையிலும் வாக்கு எண்ணும் இரவிலும்தான். இரண்டுக்கும் பல மாதம் முன்பே ஆள் தயார் செய்ய வேண்டும்.

முதலில் தகுதி. குடிமகனாக இருக்க வேண்டும், நாட்டில் வசிக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேட்பாளர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. அரசு ஊழியர் வேலையை விடாமல் நிற்க முடியாது. திவாலானவர் நிற்க முடியாது. இந்தத் திவால் விஷயத்தை நம்மவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய கார் கடனுக்கான நீதிமன்ற நோட்டீஸ் வீடு மாறியவரின் கைக்குப் போய்ச் சேராமல், பத்திரிகை விளம்பரத்தோடு முடிந்து, தாம் திவாலானதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. சிறு கட்டணம் கட்டித் திவால் இலாகாவில் பெயரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். அடுத்தது, பழைய வழக்குகள். ஓராண்டுக்குக் குறையாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாத அபராதம் இருந்தால் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு வழியை அடைக்கிறது. 2018 ஏப்ரல் 28-இல் கோலாலம்பூரின் ‘பத்து’ (Batu) என்ற தொகுதியில் கெஅடிலான் கட்சியின் தியான் சுவாவின் மனு 2,000 வெள்ளி அபராதத்தைக் காரணம் காட்டித்தான் நிராகரிக்கப்பட்டது. எல்லைக்கோட்டில் நிற்கும் அபராதம் இருந்தால், மனு நாளுக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் கருத்து வாங்கி வையுங்கள். அங்கே நின்று வாதாட நேரம் கிடைக்காது.

வேட்புமனுவைக் கொடுக்க வழக்கமாகக் காலை 9 முதல் 10 மணி வரைதான் நேரம். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளர்களாக இருக்க வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. இருபது வருடமாகச் செந்தூலில் குடியிருப்பவர், ஓட்டை இன்னும் தெலுக் இந்தானில் வைத்திருப்பார். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்கள் அடையாள அட்டை முகவரிப்படி தானாகவே பதிவாகிறார்கள்; அதற்கு முன் பதிந்தவர்கள் தாங்களே மாற்றிக்கொண்டால் ஒழிய பழைய இடத்திலேயே இருப்பார்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வாயால் சொல்வதை நம்பாமல், தேர்தல் ஆணையத்தின் இணையச் சோதனையில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதோடு, வேறு இருவரை வைத்து இன்னொரு மனுவையும் கையெழுத்திட்டுத் தயாராக வைத்திருப்பது நல்லது.

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். சத்தியப்பிரமாண ஆணையர் முன் செய்ய வேண்டிய உறுதிமொழிப் பாரத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். கட்சி வேட்பாளர் என்றால் சின்னத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கடிதத்தின் மூலப்பிரதி வேண்டும், நகல் போதாது. தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் மனுவை முன்கூட்டியே சரிபார்த்துத் தருவார்கள். இந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வைப்புத்தொகை 10,000 வெள்ளி. சுவரொட்டிகளை அகற்றுவதற்கான பிணைத்தொகை தனியாக 5,000 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் அந்த 10,000 வெள்ளி போய்விடும். 80,000 வாக்கு விழுந்த தொகுதியில் வைப்புத்தொகையைக் காப்பாற்றவே 10,000 வாக்கு வேண்டும் என்பதை நிற்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மனு மையத்துக்குள் போக அனுமதி அட்டை தேவை என்று சொன்னால் அதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் 2018-இல் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம் அந்த அட்டை இல்லை என்று வாசலிலேயே தடுக்கப்பட்டார். எதிர்த்தரப்பு போட்டியின்றி வென்றது. தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்று சொன்னது உண்மைதான். ஆனால் இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரல் 13-இல்தான். நியாயம் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம்.

பிரச்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். செராமாவுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். நாடாளுமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 200,000 வெள்ளி. வாக்காளர்களுக்குச் சாப்பாடு போடுவதும், அவர்களை ஏற்றிவர வாடகைக்கு வண்டி பிடிப்பதும் சட்டப்படி குற்றம். உபசரிப்பு நம் பழக்கம் என்பதால் இதை ஆதரவாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி முகவர்கள், அதாவது வாக்களிக்கும் அறையிலும் எண்ணும்போதும் வேட்பாளர் சார்பில் அமர்பவர்கள். ஒரு தொகுதியில் 110,000 வாக்காளர்கள், ஒரு சாலுரானுக்கு (வாக்களிக்கும் அறைக்கு) 650 பேர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 170 சாலுரான். ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு முகவர்தான் உட்காரலாம். இரண்டு பேர் மாறி மாறி இருந்தாலே 340 பேர். எண்ணும் முகவர்கள் 170 பேர். ஐந்நூறு பேருக்கு மேல் வேண்டும். வேட்புமனு நாளில் மேளம் அடித்து ஊர்வலம் வரும் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துபோகும் வேட்பாளர், அதில் எத்தனை பேர் வாக்களிப்பு நாளில் முழுப்பொழுதும் ஒரு வகுப்பறை நாற்காலியில் அமர்வார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சிச் சின்னம் போட்ட சட்டையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். குமாஸ்தா வாக்காளரின் பெயரையும் எண்ணையும் வாசிக்க வாசிக்க, கையில் உள்ள பட்டியலில் முகவர் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்தக் கோடுகளின் கூட்டுத்தொகைதான் மாலையில் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

வாக்களிப்பு முடிந்ததும் அதே அறை எண்ணும் அறையாகிறது. பெட்டியின் முத்திரையைப் பாருங்கள். கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் இருந்தது எத்தனை, திரும்பி வராதது எத்தனை என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். செல்லாதது என்று ஒதுக்கும் ஒவ்வொரு சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். பெருக்கல் குறிக்குப் பதிலாக வேறு குறி இருந்தாலும் வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வாக்குக்காகப் பேச வேண்டும். ஆட்சேபத்தை அங்கேயே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் எடுபடாது. கடைசியில் வருவது போராங் 14, அந்த அறையின் வாக்கு எண்ணிக்கையைப் பதியும் பாரம். எண்கள் நிரப்பப்படாத பாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. நிரப்பிய பின் கூட்டிப் பார்த்து, அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழ வேண்டும். பசியும் களைப்பும் சேர்ந்து பலரைச் சீக்கிரம் கிளப்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். முகவருக்கு இரவுச் சாப்பாட்டையும் வீடு போக வண்டியையும் ஏற்பாடு செய்யாத அணி, பாரம் வரவில்லையே என்று புலம்பிப் பயனில்லை. அதிகாரபூர்வக் கூட்டலில் எண் மாறினால் காட்டுவதற்கு உங்களிடம் உள்ள ஆதாரம் இந்தப் பிரதிகள்தாம். தேர்தல் மனு தொடுக்க, முடிவு அரசிதழில் வந்ததிலிருந்து 21 நாள்தான் அவகாசம்.

சுயேச்சையாக நிற்க விரும்புகிறவர்கள் பி. பிரபாகரனை எடுத்துக்காட்டுவார்கள். 22 வயதில் அதே ‘பத்து’ தொகுதியில் சுயேச்சையாக நின்று, பக்காத்தான் கூட்டணியின் ஆதரவோடு வென்று நாட்டின் ஆக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்; பிறகு கெஅடிலானில் சேர்ந்தார். இன்று அப்படிச் செய்ய முடியாது. 2022 அக்டோபர் 5-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 49ஏ பிரிவின்படி, சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் உறுப்பினரானால் அவருடைய இடம் காலியாகிவிடும். எந்தக் கட்சியோடு போவது என்பதை மனு கொடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செலவுக் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. தேர்தல் முகவராகக் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். தனி வங்கிக் கணக்கு திறந்து எல்லாப் பணமும் அவர் கைவழியே போகட்டும். பேனர் கடைக்காரரிடமும் பந்தல்காரரிடமும் ரசீதை அன்றன்றே வாங்கிவிட வேண்டும். தோற்ற பிறகு போய்க் கேட்டால் அலையவிடுவார்கள். முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது பொருந்தும். ஒப்படைக்கத் தவறினால் வேட்பாளர் மட்டுமல்ல, தேர்தல் முகவரும் ஐந்தாண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்கிறார்.

இப்படிக்கு,
தேர்தல் முகவர் பணி செய்யும் நண்பர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்.