2005 என்று சொல்லி 2006 நாணயத்தை அனுப்பியது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்களிடம் போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறேன். இதையாவது யாரேனும் கடைசி வரை படியுங்கள்.

உங்களிடம் நான் வாங்கியது குறுக்குக் கோடுகள் போட்ட பத்து ரூபாய் 'வேற்றுமையில் ஒற்றுமை' நாணயம், 2005, நொய்டா நாணயச்சாலையில் அச்சடித்தது. நாணயம் விற்பவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. 2006 போட்டது தேடினால் அகப்படும், 2005 லேசில் அகப்படாது. அந்த ஒரு இலக்கத்துக்காகத்தான் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தேன். வந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குக் கீழே நொய்டா நாணயச்சாலையின் அடையாளமான புள்ளி சரியாக இருக்கிறது, ஆனால் கடைசி இலக்கத்தின் தலை வளைந்திருக்கிறது. 5 என்றால் மேலே நேர்கோடு இருக்க வேண்டாமா? கீழே இடது பக்கத்தில் மட்டும் சுரண்டிய கீறல் பளபளக்கிறது. 6-இன் வயிற்றைச் சுரண்டி 5 ஆக்கியிருக்கிறார்கள். இதற்கு உங்கள் முத்திரையோடு 'அசல்' என்று சான்றிதழ் வேறு!

போட்டோ அனுப்பினேன். பார்க்கிறோம் என்றார்கள். அப்புறம் புகார் முடிக்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. யார் முடித்தது, எப்படி முடித்தது, ஒன்றும் தெரியாது. மறுபடி கூப்பிட்டால் நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். வேலைக்கு லீவு போட்டு விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்தேன். "ஆன்லைன்ல வாங்கினத இங்க பாக்க மாட்டோம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவரையாவது மன்னிக்கலாம். உங்கள் மாலை நேர ஊழியர் ஒருவர் இருக்கிறாரே, அவர் சொன்னது இது: "சிலுவை தெரியுதுல்ல சார், அப்புறம் வருஷம் எதுவா இருந்தா என்ன? பத்து ரூபா காசு, டவுன் பஸ்ல கண்டக்டர்கூட வாங்க மாட்டார், இதுக்கு இவ்ளோ பேச்சா?" சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே அறிவித்துவிட்டதை அவருக்குச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க் காசு என்றால் பத்து ரூபாய்க்கே கொடுத்திருக்கலாமே?

சிலுவை என்று அவர் சொன்னதும் உங்கள் விளம்பரம் நினைவுக்கு வந்தது. 'சர்ச்சையால் அரசு திரும்பப் பெற்ற சிலுவை நாணயம்' என்று போட்டிருக்கிறீர்கள். எப்போது திரும்பப் பெற்றது? குறுக்குக் கோடுகளும் நான்கு புள்ளிகளும் கொண்ட அந்த வடிவம் இரண்டு ரூபாயில் வந்தபோதே சிலுவை என்று எதிர்ப்பு கிளம்பியது. ஓருடல், நான்கு தலை, வேற்றுமையில் ஒற்றுமை என்று அரசுத் தரப்பு விளக்கியும் சலசலப்பு ஓயவில்லை. 2007-இல் இரண்டு ரூபாய்க்கு நாட்டிய முத்திரை காட்டும் விரல்கள் போட்ட வடிவம் வந்தது. பத்து ரூபாய் 2009-இல்தான் மக்கள் கைக்கு வந்தது, அதற்கும் அதே பேச்சு. பிறகு கதிர்கள் போட்ட வடிவம் வந்தது. மாறியது வடிவம்தான், பழைய நாணயம் இன்றும் செல்லும். அந்த இரண்டு ரூபாய் வெறும் வட்டமாகிவிட்டதால் பார்வையற்றவர்களால் தடவி அறிய முடியவில்லை என்ற நியாயமான குறையும் இருந்தது. அதை எழுதினால் விலை ஏறாது என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

பல வருடமாகச் சேர்த்த என் சேகரிப்பின் பெயரே இந்த ஒரு நாணயத்தால் கெட்டுவிட்டது. மற்றதெல்லாம் அசலா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தந்தாலும் இந்த மானக்கேட்டுக்கு ஈடாகுமா?

உங்கள் நிறுவனத்தின் மீது மரியாதை இருப்பதால்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். முழுப் பணமும் கூரியர் செலவும் 15 நாளுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும். போலிச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்றும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாணயத்தைச் சுரண்டி ஏமாற்றி விற்பது குற்றம் என்பதால் போலீசிலும் புகார் கொடுப்பேன். நாணயத்தைப் பணம் வந்த பிறகுதான் திருப்பி அனுப்புவேன், அதுவரை ஆதாரமாக என்னிடமே இருக்கும்.

தயவுசெய்து பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்த மாலை நேர ஊழியரை மட்டும் கூப்பிடச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பணம் கொடுத்து ஏமாந்த வாடிக்கையாளர்,
விழுப்புரம்