பத்து நாள் முந்திரிக் கணக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஞாயிறு காலை.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். பேத்தி உன்னைச் செஸ்ஸில் தோற்கடிக்கிறாள் என்பதில் அதைவிடச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. மழையால் நாலு நாளாக சில்வர் பீச் நடை இல்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு மழையும் சோம்பலும் காரணமில்லை. முந்திரிதான் காரணம்.

பேத்தியின் கல்லூரி புராஜெக்டுக்கு எக்ஸெல் போதுமா, புள்ளியியலுக்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் புள்ளியியல் நடத்திய வாத்தியார், ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்டவனிடம் கேட்கிறாய். சரி, கேட்டுவிட்டாய். ஒரு மாதமாக நானும் அதே வேலையில்தான் மாட்டியிருக்கிறேன், கதையைச் சொல்கிறேன்.

என் மச்சினன் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் தொழில் செய்வது உனக்குத் தெரியும். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் அவன் தோப்பு முக்கால்வாசி சாய்ந்தது. அதிலிருந்து உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்கக் கொட்டையும் வாங்கித்தான் ஓட்டுகிறான். இந்தத் தொழிலில் காசு முழுப் பருப்பில் இருக்கிறது. உடைந்தால் விலை இறங்கிவிடும். இப்போது அவனுக்கும் அவன் மகனுக்கும் தகராறு. மதியம் வேகவைத்த கொட்டையை அன்று சாயங்காலமே வெட்டுவது அப்பா வழக்கம். இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் காலையில் வெட்டினால் உடைசல் குறையும் என்கிறான் பையன். "மாமா, நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்று இரண்டு பேரும் என்னிடம் வந்து நின்றார்கள்.

ஒரே கொட்டையை நன்றாகக் கலந்து, தினமும் பாதியைச் சாயங்காலமும் மீதியை மறுநாள் காலையும் வெட்டச் சொன்னேன். பருப்பு எடையில் நூற்றுக்கு எவ்வளவு முழுசாக வந்தது என்று பத்து நாள் குறித்தார்கள். உனக்குக் கை அரிக்கும் என்று தெரியும், எண்களையே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம்: 71, 64, 78, 69, 74, 61, 80, 67, 73, 63.
காலை: 73, 67, 78, 71, 75, 65, 79, 70, 75, 67.

முதல் நாளே ஒரு கூத்து. சாயங்காலச் சராசரி 68.9 என்று வந்தது. பார்த்தால் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை, அதுதான் ஆபத்து. பழைய ஆபீஸ் பழக்கத்தில் பக்கத்துக் கட்டத்தில் கவுன்ட் போட்டேன். ஒன்பது என்றது! பத்து எண் இருக்கிற இடத்தில் ஒன்பது எப்படி? பையன் 80 அடித்தபோது சைபருக்குப் பதில் ஆங்கில எழுத்து ஓ விழுந்திருக்கிறது. எக்ஸெலுக்கு அது எண் இல்லை, எழுத்து. ஆவரேஜ் சத்தமே போடாமல் அதைத் தாண்டிப் போய்விட்டது. கட்டத்தில் வலது ஓரம் ஒட்டாமல் இடது ஓரம் ஒட்டி நின்றதைக் கவனித்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். திருத்தியதும் சராசரி சரியாக 70. காலைக்கு 72. பேத்தியிடம் சொல், சராசரி பார்ப்பதற்கு முன்னால் கவுன்ட் பார்க்கட்டும்.

அப்புறம் திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. அதற்கு எக்ஸெலில் இரண்டு சூத்திரம். ஒன்றின் வாலில் எஸ், மற்றதன் வாலில் பி. சாயங்கால எண்களுக்கு எஸ் போட்டால் 6.38, பி போட்டால் 6.05. நம்மிடம் இருப்பது பத்து நாள் மாதிரிதான், வருஷம் முழுக்க உள்ள கணக்கு இல்லை, ஆகையால் எஸ். ஒன்பதால் வகுப்பதா பத்தால் வகுப்பதா என்று நீ கரும்பலகையில் வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்தியது இந்த ஒரு எழுத்தில் அடங்கிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சராசரிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்ப்பது டி.டெஸ்ட் என்ற சூத்திரம். அதில் நாலு இடம் நிரப்ப வேண்டும். முதல் இரண்டும் எண் வரிசைகள். மூன்றாவது, ஒரு பக்கமா இரு பக்கமா, அதாவது கூடியதா என்று மட்டும் பார்ப்பதா, கூடினாலும் குறைந்தாலும் பார்ப்பதா. நான் இரு பக்கம் போட்டேன். நாலாவது, 1, 2, 3இல் ஒன்று: ஜோடி எண்களுக்கு 1, ஒரே மாதிரிப் பரவிய தனித்தனி வரிசைகளுக்கு 2, வேறு வேறு மாதிரிப் பரவியவற்றுக்கு 3. இரண்டு வரிசையின் பரவலும் ஒரே மாதிரி இல்லையே என்று நான் 3 போட்டேன். விடை 0.44. அதாவது இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய இடைவெளி தற்செயலாகவே நூற்றுக்கு 44 தடவை வரலாம். மச்சினன் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தான். பையன் முகம் சுருங்கிப் போயிற்று.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நல்ல கொட்டை வந்த நாளில் இரண்டு பக்கமும் உயர்ந்திருக்கிறது, மட்டமான கொட்டை வந்த நாளில் இரண்டும் விழுந்திருக்கிறது. நான் அந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் சேர்த்துக் குழப்பிவிட்டு வித்தியாசத்தைத் தேடுகிறேன்! அந்தந்த நாளை அந்தந்த நாளோடுதானே ஒப்பிட வேண்டும்? ஜோடி. எழுந்து போய் 3ஐ அழித்து 1 போட்டேன். 0.004க்கும் சற்றுக் கீழே வந்தது. அதே இருபது எண்கள், ஒரு இலக்கம்தான் மாறியது. மூன்றில் எதைப் போட்டாலும் எக்ஸெல் ஒரே முகத்தோடு விடை சொல்கிறது. எண்கள் எப்படிச் சேர்ந்தன என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜோடி வித்தியாசங்களை நீயே பார்: 2, 3, 0, 2, 1, 4, -1, 3, 2, 4. சராசரி 2. கான்ஃபிடென்ஸ்.டி போட்டுப் பார்த்ததில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கும் என்று நம்பக்கூடிய எல்லை, ஏறக்குறைய 0.8 முதல் 3.2 வரை. மச்சினனுக்கு 0.004 என்றால் ஒன்றும் புரியவில்லை. "நூறு கிலோ பருப்பில் ஒரு கிலோவிலிருந்து மூணு கிலோ வரை கூடுதலா முழுசு கிடைக்கலாம்" என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்த காசெட்டும் நம்மைப் போல இரண்டு கை விரல் எண்ணிக்கையோடு திண்டாடியவர்தான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தார். 1908இல் கட்டுரை வெளியிட்டபோது சொந்தப் பெயர் போடாமல் ஸ்டூடன்ட் என்று போட்டுக்கொண்டார். உனக்குத் தெரியாததா! நீ வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் பையன்கள் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பீர் காய்ச்சும் பார்லிக்கு உதவியது முந்திரிக்கும் உதவுகிறது.

படம் வரைந்ததில் ஒரு சண்டை. பையன் இரண்டு தூண் படம் போட்டு வாட்ஸாப்பில் அப்பாவுக்கு அனுப்பிவிட்டான். அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 69இல் தொடங்கியதால் 72 என்ற தூண் 70ஐப் போல மூன்று மடங்கு உயரம். எக்ஸெல் தானாகவே அப்படிப் போட்டது என்று சத்தியம் செய்கிறான். எண்கள் நெருக்கமாக இருந்தால் அது அப்படிச் செய்யும் என்பதும் நிஜம்தான். அச்சின் மேல் வலது கிளிக் செய்து கீழ் எல்லையைப் பூஜ்யமாக்கச் சொன்னேன். இரண்டு தூணும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன. "இப்ப ஒண்ணுமே தெரியலையே மாமா" என்றான். பத்து நாள் வித்தியாசங்களை மட்டும் பத்துக் கோடுகளாக வரையச் சொன்னேன். ஒன்று பூஜ்யம், ஒன்று கீழே, மீதி எட்டும் மேலே. இதைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்று. எக்ஸெலில் அனாலிசிஸ் டூல்பேக் என்று ஒன்றை ஆட்‑இன் பட்டியலில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாச் சோதனையையும் அட்டவணையாகவே தந்துவிடும். ஆனால் அது தருவது அந்த நேரத்து விடை மட்டும். பிறகு ஒரு எண்ணைத் திருத்தினால் அட்டவணை அப்படியே பழைய விடையோடு நிற்கும். நான் அரை மணி நேரம் ஏமாந்தேன். காசு கொடுத்து எதுவும் வாங்காதே. லிப்ரேஆபிஸ் கால்க் இலவசம், டேட்டா மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று இதே சோதனைகள் இருக்கின்றன. என் பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் போன வாரம் பண்ருட்டிக்குப் போனேன். கணக்கை எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்னேன். இருபது வருஷமாகக் கொட்டை வெட்டுகிற ஒரு அம்மா கையை நிறுத்தாமலே கேட்டார்: "சாயங்காலம்னா கை ஓஞ்சு போயிருக்கும் சார். காலையில எதை வெட்டினாலும் நல்லாத்தான் வரும். அது ஆறினதாலயா, நாங்க தூங்கி எழுந்ததாலயா?"

முருகேசா, எனக்கு வாயடைத்துவிட்டது. 0.004 அப்படியேதான் இருக்கிறது, அதில் பிழை இல்லை. ஆனால் அது எதன் வித்தியாசம்? கொட்டை ஆறியதா, கை ஆறியதா? இதைச் சொல்ல நாலாவது இடத்தில் போட ஒரு எண்ணும் இல்லை. உன் மாணவனாக இருந்தால் நீ என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாய்.

இப்போது மறுபடி நடக்கிறது. பாதிக் கொட்டை முந்தின நாள் மதியம் வேகிறது, மீதி விடியற்காலை நாலு மணிக்கு. இரண்டையும் காலை ஒன்பதுக்கு ஒரே ஆட்கள் வெட்டுகிறார்கள். எதை முதலில் வெட்டுவது என்பதற்குத் தினமும் காசு சுண்டுகிறோம். எடை போடுகிறவருக்கு எந்தக் கூடை எது என்று தெரியாது. வெட்டுகிறவர்களுக்கும் தெரியக் கூடாது என்று பார்த்தேன், "கையில எடுத்தாலே தெரிஞ்சிடும் சார்" என்று அந்த அம்மா அதையும் முடித்துவைத்தார். நாலு மணிக்கு பாய்லர் ஆளை வரவழைக்கக் கூடுதல் கூலி. மச்சினன் என் மேல் கடுப்பாக இருக்கிறான்.

பையன் தொல்லைதான் தாங்கவில்லை. மூன்று நாள் எண் வந்தவுடனே டி.டெஸ்ட் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். தற்செயல் இல்லை என்று சொல்ல வழக்கமாக வைக்கும் எல்லையான 0.05க்குக் கீழே வந்த அன்றே நிறுத்திவிடலாமாம். தினமும் எட்டிப் பார்த்து, பிடித்த விடை வந்ததும் நிறுத்தினால் எதற்கும் ஒருநாள் அந்த விடை வந்துதான் தீரும் என்று சொன்னால் கேட்பானா? கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். பத்து நாள் முடிந்ததும் திறக்க வேண்டும். அதுவரை எனக்கே மறந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்: உன் பேத்தி பெயர்தான். பையன் போன் செய்தால் சொல்லிவிடாதே.

உன்
கண்ணன்